ஒரு ரீசெட் கம்பி, இரண்டு டிரைவர்: ஆல்வின்னர் எச்3 யூஎஸ்பி நிகழ்வு ஆய்வு

ஆல்வின்னர் எச்3 சிப்பில், செருகிய யூஎஸ்பி சாதனங்களோடு பேசும் ஹோஸ்ட் கன்ட்ரோலர்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் வேகமான சாதனங்களுக்கு ஒரு இஎச்சிஐ, மெதுவானவற்றுக்கு ஒரு ஓஎச்சிஐ. இரண்டுக்கும் தனித்தனி ரீசெட் கம்பி, அதாவது பகுதியைத் தொடக்க நிலைக்குத் தள்ளும் சிக்னல், உண்டு. ஆனால் ஜோடியில் ஒன்று ரீசெட்டில் கிடக்கும்வரை மற்றது எழுந்திருக்காது. 2016-ல் இந்தச் சிப்புக்கு லினக்ஸில் யூஎஸ்பி ஆதரவு சேர்த்தவர்கள், இதை டிவைஸ் ட்ரீயில், அதாவது வன்பொருளை லினக்ஸுக்கு விவரிக்கும் மரத்தில், எப்படி எழுதுவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் எழுதிய விதம், அன்றைக்கு லினக்ஸின் மைய நிரலான கர்னலின் ஆவணத்தில் இருந்த அறிவுரைக்கு ஏறக்குறைய எதிர்ப்பக்கம் போனது. அதைத் தாங்குவதற்காக கர்னலின் ரீசெட் பகுதியே மாறியது.

ரீசெட் கன்ட்ரோலர் என்றாலே "ஒரு ரெஜிஸ்டர், அதில் ஒரு பிட், இதில் என்ன இருக்கிறது" என்று தாண்டிப் போகிறவர்கள் அதிகம். வன்பொருளின் அமைப்பை வைத்திருக்கும் அந்த ரெஜிஸ்டரில் பிட்டை எழுதுவது சுலபம்தான். அந்தக் கம்பி யாருக்குச் சொந்தம் என்று கேட்டால்தான் கதை நீள்கிறது. எச்3 அதற்கு நல்ல உதாரணம் என்பதால் இந்த ஆய்வை அதைச் சுற்றியே எழுதுகிறேன்.

கர்னலுக்குத் தானாகத் தெரியாது

எஸ்ஓசிக்குள், அதாவது எச்3 போல ஒரு கணினியே அடங்கிய சிப்புக்குள், இருக்கும் பெரும்பாலான பகுதிகளுக்கு, மெமரி கார்டைப் படிக்கும் எம்எம்சி ஆகட்டும் எஸ்பிஐ ஆகட்டும், ஒரு ரீசெட் சிக்னல் போகிறது. அதைப் பிடித்து வைத்திருக்கும்வரை அந்தப் பகுதி தொடக்க நிலையிலேயே முடங்கிக் கிடக்கும். டிரைவர் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அதன் ரெஜிஸ்டர்களில் எழுதுவது எதுவும் ஒட்டாது. பிடித்து வைப்பது அசர்ட், விடுவது டிஅசர்ட். ஆல்வின்னரில் பிட் 0 என்றால் அசர்ட், 1 என்றால் டிஅசர்ட். எஸ்டிஎம்32-ல் நேர்மாறு, 1 எழுதினால் ரீசெட். இந்த மாதிரி விவரம் யூஎஸ்பி டிரைவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தெரிந்தால்தான் ஆபத்து.

பிசிஐ பஸ்ஸில் இருக்கும் சாதனம் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும். எஸ்ஓசிக்குள் இருக்கும் பகுதிக்கு அந்த வசதி கிடையாது. எந்த முகவரியில் இருக்கிறது, எந்த இன்டரப்ட், எந்தக் கிளாக், எந்த ரீசெட் என்று எல்லாவற்றையும் யாராவது எழுதி கர்னல் கையில் கொடுக்க வேண்டும். அந்த எழுத்துதான் டிவைஸ் ட்ரீ.

ரீசெட்டைப் பொறுத்தவரை ஆரம்பத்தில் அவரவர் வழி அவரவருக்கு. டெக்ரா சிப்புகளில் ரீசெட்டை அசர்ட் செய்யும் ஃபங்ஷன் கிளாக் நிரலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. டிரைவர்கள் அதை நேரடியாக அழைத்தன. அப்படி எழுதிய டிரைவர் அந்த ஒரு சிப் குடும்பத்தோடு கட்டுண்டுவிடும். இன்னொரு சிப்பில் அதே ஐபி (பல சிப்புகளில் எடுத்துப் பொருத்தும் வன்பொருள் வடிவமைப்பு) வந்தால் டிரைவருக்குள் கிளை விட வேண்டியதுதான்.

2013 ஜூனில் வந்த லினக்ஸ் 3.10-ல் இதற்குப் பொது ஏற்பாடு வந்தது. எழுதியவர் பெங்குட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஃபிலிப் ஸாபெல். அவர் முன்னால் இருந்தது ஐஎம்எக்ஸ்6 சிப்பின் சிஸ்டம் ரீசெட் கன்ட்ரோலர். அதில் மென்பொருள் தொடக்கூடிய கம்பிகள் ஐந்தே ஐந்து, எல்லாம் படம், வீடியோ சார்ந்த பகுதிகளுக்கு: ஜிபியு, விபியு, இரண்டு ஐபியு, ஓப்பன்விஜி. கிளாக்குகளுக்கு ஏற்கெனவே டிவைஸ் ட்ரீயில் ஒரு முறை இருந்தது. ரீசெட்டுக்கும் அதே அச்சில் ஒன்று வார்த்தார்கள். கம்பியைக் கொடுக்கும் நோடில் (மரத்தில் ஒரு வன்பொருள் பகுதிக்கான பதிவு) 'ரீசெட்-செல்ஸ்' என்ற பண்பு இருக்கும். ஒரு கம்பியைக் குறிக்க எத்தனை எண் வேண்டும் என்று அது சொல்லும், பெரும்பாலும் 1. கம்பியை வாங்கும் நோடில் 'ரீசெட்ஸ்' என்ற பண்பு இருக்கும். கொடுப்பவரின் அடையாளமும் கம்பியின் எண்ணும் அதில் வரும். கம்பிகள் ஒன்றுக்கு மேல் என்றால் பெயர் வைத்துக்கொள்ள 'ரீசெட்-நேம்ஸ்'. அவ்வளவுதான் மொத்த இலக்கணமும்.

ஏ31 போட்ட பாதை

ஆல்வின்னர் குடும்பத்தில் ஏ31 சிப்பிலிருந்து பஸ்ஸில் தொங்கும் ஒவ்வொரு பகுதிக்கும் கிளாக் கேட் (கிளாக்கைத் திறந்து மூடும் பிட்) ஒரு ரெஜிஸ்டரிலும் ரீசெட் பிட் வேறொரு ரெஜிஸ்டரிலும் என்று பிரிந்தன. இதற்கான ரீசெட் டிரைவரை மாக்சிம் ரிப்பார் எழுதினார். சின்ன டிரைவர்தான், ஆனால் உள்ளே இருக்கும் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. எச்3-ம் இதையே வாங்கிக்கொண்டது.

எச்3-ல் கிளாக் பகுதியின் தொடக்கத்திலிருந்து 704 பைட் தள்ளி ஏஎச்பி பஸ்ஸின் (சிப்புக்குள் பகுதிகளை இணைக்கும் வழித்தடம்) ரீசெட் ரெஜிஸ்டர்கள் ஆரம்பமாகின்றன. அடுத்தடுத்து மூன்று ரெஜிஸ்டர், ஒவ்வொன்றும் 4 பைட். டிவைஸ் ட்ரீ நோடில் முகவரியும் 12 பைட் நீளமும் கொடுத்திருப்பார்கள். டிரைவர் அந்த 12-ஐ 8-ஆல் பெருக்கி, "என்னிடம் 96 கம்பி இருக்கிறது" என்று கர்னலிடம் பதிவு செய்துகொள்ளும். யாராவது 25-ஆம் கம்பி கேட்டால், 25-ஐ 32-ஆல் வகுத்து ஈவு எந்த ரெஜிஸ்டர், மீதி எந்தப் பிட் என்று கண்டுபிடிக்கும். அப்புறம் ஸ்பின்லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) எடுத்து, ரெஜிஸ்டரைப் படித்து, பிட்டை மாற்றி, திரும்ப எழுதும். ஒரே ரெஜிஸ்டரில் 32 பகுதிகளின் தலையெழுத்து இருப்பதால் அந்த லாக் அலங்காரம் அல்ல. எம்எம்சி டிரைவரும் ஈத்தர்நெட் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் நேரடியாகப் படித்து எழுதினால், ஒருவர் வைத்த பிட்டை இன்னொருவர் அழித்துவிடுவார்.

ஏபிபி பஸ்ஸின் ரீசெட்டுகள் இன்னும் தள்ளி, 720-லும் 728-லும் இருக்கின்றன. இடையில் ஓட்டை இருப்பதால் ஒரே நோடாக நீட்ட முடியாது. ஆக அன்றைய எச்3 மரத்தில் ரீசெட்டுக்கு மட்டும் மூன்று நோடு. கொஞ்சம் அசிங்கம்தான்; ஆனால் வேலை செய்தது.

ஏ31-ல் இன்னொரு தலைவலியும் இருந்தது. ஏஎச்பி ரீசெட்டுக்குப் பின்னால் ஒரு ஹைஸ்பீட் டைமரும் உண்டு. டைமர்கள் கர்னல் பூட்டின் வெகு ஆரம்பத்தில் எழ வேண்டியவை. வழக்கமான டிரைவர்கள் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் வரும். அதனால் அந்த ஒரு ரீசெட் நோடை மட்டும் டைமர்களுக்கு முன்பாகவே எழுப்ப, சிப்பின் தொடக்க நிரலிலிருந்து கைப்பட அழைக்கும்படி வைத்தார்கள். மரத்தில் எழுதிய ஒரு வரிக்குப் பின்னால் பூட் வரிசையைப் பற்றிய கவலை இருக்கிறது என்பது மரத்தைப் படித்தால் தெரியாது.

எச்3-ன் ஜோடிகள்

இஎச்சிஐ யூஎஸ்பி 2.0-வின் 480 மெகாபிட் வேகத்தை மட்டுமே பேசும். கீபோர்டு, மவுஸ் போல 1.5 அல்லது 12 மெகாபிட்டில் ஓடும் சாதனத்தைச் செருகினால், இஎச்சிஐ அந்தப் போர்ட்டைத் தன் துணையான ஓஎச்சிஐ கையில் ஒப்படைத்துவிடும். வெளியே ஒரே சாக்கெட், உள்ளே இரண்டு கன்ட்ரோலர். பென்டிரைவ் செருகினால் ஒருவர் வருவார், கீபோர்டு செருகினால் இன்னொருவர்.

எச்3-ல் இப்படி நான்கு ஜோடி, 0 முதல் 3 வரை. முதல் ஏஎச்பி ரீசெட் ரெஜிஸ்டரின் மேல்மூலை முழுக்க இவர்களுக்குத்தான்: 24 முதல் 27 வரை நான்கு இஎச்சிஐ, 28 முதல் 31 வரை நான்கு ஓஎச்சிஐ. ஒன்றாம் எண் ஜோடியை எடுத்துக்கொண்டால் இஎச்சிஐ-க்கு 25, ஓஎச்சிஐ-க்கு 29.

ரெஜிஸ்டர் படத்தை மட்டும் பார்த்து மரம் எழுதுபவர் என்ன செய்வார்? இஎச்சிஐ நோடில் 25 என்று எழுதுவார், ஓஎச்சிஐ நோடில் 29 என்று எழுதுவார். பேர் பொருந்துகிறது, எண் பொருந்துகிறது, பரிசீலிப்பவரும் தலையாட்டிவிடுவார். போர்டில் போட்டால் யூஎஸ்பி வராது. இஎச்சிஐ டிரைவர் முதலில் எழுகிறது, 25-ஐ விடுகிறது, 29 இன்னும் பிடிபட்டே இருக்கிறது, கன்ட்ரோலர் தொடங்க மறுக்கிறது. யூஎஸ்பி ஆதரவுக்கான மாற்றங்களைக் கர்னலுக்கு அனுப்பிய ஹான்ஸ் டெ ஹூடேயின் தொகுப்பில் இது தெளிவாகவே பதிவாகியிருக்கிறது: துணைக் கன்ட்ரோலரின் ரீசெட் அசர்ட் நிலையில் இருக்கும்வரை இந்தக் கன்ட்ரோலர் தொடங்காது, ஆகவே இரண்டு ரீசெட்டையும் விட வேண்டும்.

இந்த மாதிரிக் கோளாறைத் தேடுவது ஏன் எரிச்சல் என்றால், கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் குறுக்கே வந்துவிடும். பூட்லோடரே யூஎஸ்பியைத் தொட்டு இரண்டு கம்பியையும் விட்டுவிட்டு வந்திருந்தால் கர்னலில் எல்லாம் சரியாக ஓடும். எஸ்டி கார்டிலிருந்து நேராகப் பூட் செய்தால் ஓடாது. ரீசெட் பகுதி, யாரும் கேட்காத கம்பிகளைத் தானாகத் தேடிப் போய் அசர்ட் செய்வதில்லை; பூட்லோடர் விட்டது விட்டபடியே இருக்கும். கிளாக் விஷயத்தில் கர்னல் பூட்டின் கடைசியில் உபயோகமில்லாத கிளாக்குகளை அணைத்து மரத்தின் பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். ரீசெட்டில் அப்படி ஒரு காவல் கிடையாது. மரத்தில் ரீசெட் வரி விட்டுப்போன பிழை வருடக்கணக்கில் தெரியாமலே கிடப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

எங்கே எழுதுவது

அந்தக் காலத்து ரீசெட் ஆவணத்தில், கம்பியை மரத்தில் எங்கே எழுத வேண்டும் என்பதற்குத் தனிப் பத்தியே இருந்தது. அதன் சாரம்: ஒரே சிக்னல் பல பகுதிகளைப் பாதிக்கும் என்றால், பாதிக்கப்படும் ஒவ்வொரு பகுதியின் நோடிலும் அதை எழுதுவது விவேகம் அல்ல, ஒருவர் இழுத்தால் சம்பந்தமில்லாத இன்னொருவர் விழுந்துவிடுவார். கட்டுப்படுத்துவதற்கு எது பொருத்தமான இடமோ அங்கே எழுதுங்கள், அது பஸ் நோடாகக்கூட இருக்கலாம்.

நியாயமான அறிவுரை. எச்3-க்கு இதை அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும்?

ஒரு வழி, இரண்டு கம்பியையும் இஎச்சிஐ நோடில் மட்டும் எழுதி ஓஎச்சிஐ நோடைக் காலியாக விடுவது. அப்படி விட்டால் ஓஎச்சிஐ டிரைவர் இஎச்சிஐ முதலில் எழுந்திருக்கும் என்று நம்பி உட்கார வேண்டும். இஎச்சிஐ டிரைவர் தனியாக ஏற்றப்படும் மாட்யூலாக இருந்து இன்னும் ஏறவில்லை என்றால் கீபோர்டு வேலை செய்யாது. ஏன் என்று மரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் மரம் அந்தச் சார்பைச் சொல்லவே இல்லை.

இன்னொரு வழி, இரண்டுக்கும் மேலே ஒரு பெற்றோர் நோடு போட்டு, கம்பிகளை அதனிடம் கொடுப்பது. எச்3-ல் இந்த இரண்டும் ஒரே ஏஎச்பி பஸ்ஸில் மற்ற எல்லோரோடும் சேர்ந்து இருக்கின்றன. அவர்களுக்கு மட்டும் பொதுவான பஸ் என்று ஒன்று வன்பொருளில் இல்லை. இல்லாத ஒன்றை மரத்தில் வரைவது, ரீசெட் வசதிக்காக வன்பொருளைப் பற்றிப் பொய் சொல்வது. அந்தப் பொய்க்கு ஒரு டிரைவரும் எழுத வேண்டும்.

கடைசியில் எடுத்தது மூன்றாவது வழி. இஎச்சிஐ நோடிலும் 25, 29. ஓஎச்சிஐ நோடிலும் 25, 29. பஸ் கிளாக்குகளும் அப்படியே, இரண்டு நோடிலும் இரண்டும். அதாவது ஆவணம் வேண்டாம் என்று சொன்னதேதான்.

இதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆவணத்தின் பயம், கம்பியை எழுதியவருக்கு அதை இழுக்கும் அதிகாரம் வந்துவிடும் என்பது. ஆனால் இஎச்சிஐ நோடில் எழுதியிருப்பது "29-ஐ நான் இழுப்பேன்" என்பதல்ல; "29 விடப்படாமல் நான் ஓட மாட்டேன்" என்பது. அது சிப்பைப் பற்றிய உண்மை. யார் எப்போது இழுக்கலாம் என்பது கர்னலின் உள்விவகாரம். உண்மையை மரத்தில் எழுதிவிட்டு, உள்விவகாரத்தை கர்னலில் தீர்ப்பதுதான் முறை. மரத்தை மாற்றுவதைவிட கர்னலை மாற்றுவது எளிது என்பதும் சேர்ந்துகொள்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எண்ணிக்கை

லினக்ஸ் 4.7-க்கு முன்பு ரீசெட் பகுதியில் "இந்தக் கம்பி ஏற்கெனவே யார் கையில் இருக்கிறது" என்ற கேள்வியே கிடையாது. இரண்டு டிரைவர் ஒரே கம்பியைக் கேட்டால் இருவருக்கும் கொடுத்துவிடும். ஒருவர் அசர்ட் என்றால் பிட் உடனே மாறும், மற்றவருக்குத் தகவல்கூட போகாது.

புதிய மரத்தைப் பழைய ஏற்பாட்டோடு சேர்த்துப் பார்த்தால் விளைவு தெரியும். பென்டிரைவில் கோப்பு நகலாகிக்கொண்டிருக்கிறது, அது இஎச்சிஐ வழியாக. அதே நேரம் யாரோ ஓஎச்சிஐ டிரைவரை சிஸ்எஃப்எஸ் (கர்னலைக் கோப்புகள் மூலம் ஆளும் வழி) வழியாக அன்பைண்ட் செய்கிறார், அதாவது சாதனத்திலிருந்து கழற்றுகிறார். ஓஎச்சிஐ தன் நோடில் இருக்கும் கம்பிகளை நல்ல பிள்ளையாக அசர்ட் செய்துவிட்டு வெளியேறுகிறது. அதன் நோடில் 25-ம் இருக்கிறது. 25 இஎச்சிஐ-யின் சொந்தக் கம்பி. ஓடிக்கொண்டிருந்த கன்ட்ரோலர் பாதி வேலையில் ரீசெட்டுக்குப் போகிறது. இஎச்சிஐ டிரைவர் செய்த தப்பு எதுவும் இல்லை.

4.7-ல், 2016 ஜூலையில், டெ ஹூடேயின் மாற்றம் உள்ளே வந்தது. ரீசெட் கம்பியைக் கேட்கும்போதே டிரைவர் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: எனக்கு மட்டும் வேண்டும், அல்லது பகிர்ந்துகொள்கிறேன். பகிர்வு என்று கேட்டவர்களுக்கு ஒரே கட்டமைப்பு கிடைக்கும். அதில் எத்தனை பேர் டிஅசர்ட் கேட்டிருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை இருக்கும். வீட்டுக் கூடத்து விளக்கை, கடைசியாகப் படுக்கப்போகிறவர்தான் அணைக்க வேண்டும் என்கிற ஏற்பாடு மாதிரி.

ஒன்றாம் ஜோடியையே ஓட்டிப் பார்க்கலாம். பூட்டில் இஎச்சிஐ முதலில் வருகிறது. 25-ன் எண்ணிக்கை 0-லிருந்து 1, ரெஜிஸ்டரில் பிட் 1 ஆகிறது. 29-க்கும் அப்படியே. அடுத்து ஓஎச்சிஐ வருகிறது. 25-ன் எண்ணிக்கை 2, 29-ன் எண்ணிக்கை 2. ரெஜிஸ்டரை யாரும் தொடவில்லை. இப்போது ஓஎச்சிஐ-யை அன்பைண்ட் செய்தால் இரண்டும் 1-க்கு இறங்கும், அப்போதும் ரெஜிஸ்டர் அப்படியே. பென்டிரைவ் நகல் தடங்கலில்லாமல் போகும். இஎச்சிஐ-யும் போன பிறகுதான் எண்ணிக்கை 0, பிட்டும் 0. யார் முதலில் வந்தாலும், யார் முதலில் போனாலும் கணக்கு ஒன்றுதான்.

அதே தொகுப்பில் பொது இஎச்சிஐ, ஓஎச்சிஐ டிரைவர்கள் ஒரு கம்பிக்குப் பதில் பல கம்பிகளை ஏற்கும்படியும் மாறின. அதுவரை அவை நோடில் எத்தனை எழுதியிருந்தாலும் முதலாவதை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தன. இன்றைக்கு அந்த டிரைவர்கள் நோடில் இருப்பதை மொத்தமாக ஓர் அடுக்காக, பகிர்வு என்ற பேரில் கேட்கின்றன. முதலில் ரீசெட்டை விட்டுவிட்டு, பிறகு கிளாக்கும் ஃபையும் (யூஎஸ்பி சிக்னலை வெளியே அனுப்பி வாங்கும் சுற்று) எழுப்புகின்றன. அந்த வரிசைக்கு மரத்தில் இடமே கிடையாது; அது டிரைவரின் பொறுப்பு.

இதற்குக் கொடுத்த விலை

எண்ணிக்கை சும்மா வரவில்லை. பகிர்வுக் கம்பியில் அசர்ட் என்பது இனி கட்டளை அல்ல, "எனக்கு இனி தேவையில்லை" என்கிற அறிவிப்பு. அசர்ட் கேட்டேன், உடனே டிஅசர்ட் கேட்டேன், ஆகவே வன்பொருள் சுத்தமாகத் தொடங்கியிருக்கும் என்று நம்ப முடியாது. இடையில் இன்னொருவர் பிடித்திருந்தால் கம்பி அசையவே அசையாது. யாருமே டிஅசர்ட் கேட்டிராத நிலையில் ஒருவர் எடுத்த எடுப்பில் அசர்ட் கேட்டால் கர்னல் எச்சரிக்கை எழுதிப் பிழை திருப்பும். எண்ணிக்கை சுழியத்துக்குக் கீழே போக விடக்கூடாதல்லவா. கன்ட்ரோலர் மாட்டிக்கொண்டது, ஒரு தட்டு தட்டி எழுப்பலாம் என்ற எண்ணம் உள்ள டிரைவருக்குப் பகிர்வுக் கம்பி உதவாது. அப்படித் தட்ட வேண்டியவர்கள் தனி உரிமையோடு கேட்கத்தான் வேண்டும்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் உறுத்துவது இன்னொன்று. ஒரு கம்பி பகிரப்படுகிறதா இல்லையா என்பது சிப்பை இணைத்தவர் எடுத்த முடிவு. ஆனால் அதைச் சொல்வது டிரைவர். பொது இஎச்சிஐ டிரைவர் எத்தனையோ சிப்புகளில் ஓடுகிறது. அவற்றில் பலவற்றில் கம்பி ஒருவருக்கே சொந்தம். ஆனாலும் எச்3 போன்றவற்றுக்காக எல்லா இடத்திலும் பகிர்வு என்றே கேட்கிறது. தனிக் கம்பி உள்ள சிப்பில் இதனால் நஷ்டம் பெரிதாக இல்லை. நேர்மாறான நிலையில்தான் மாட்டிக்கொள்வோம். தனி உரிமை கேட்கும் டிரைவர் ஒன்று பல ஆண்டுகளாக நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்; புதிய சிப்பில் அதே ஐபியின் ரீசெட்டை இன்னொரு பகுதியோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள்; அன்றைக்கு இரண்டாவதாகக் கேட்பவருக்கு 'பிஸி' என்று பிழை வரும். மரம் சரி, சிப் சரி, டிரைவரில் ஒரு சொல் மாற வேண்டும். அந்தச் சொல்லை மாற்றினால் பழைய சிப்புகளில் அந்த டிரைவர் நம்பியிருந்த சுத்தமான ரீசெட் போய்விடுமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

எண் மாறியது, பொருள் மாறவில்லை

எச்3 மரத்தில் 25, 29 என்று எழுதிய வரிகள் அதிக நாள் நீடிக்கவில்லை. 2016 அக்டோபரில் வந்த லினக்ஸ் 4.8-ல் ஆல்வின்னர் கிளாக் டிரைவர்கள் புதிதாக எழுதப்பட்டு உள்ளே வந்தன. முதலில் மாறிய சிப் எச்3. இதற்குப் பின்னாலும் ரிப்பார்தான். கிளாக்குக்கு டஜன் கணக்கில் நோடு, ரீசெட்டுக்கு மூன்று நோடு என்றிருந்தது போய், முழுக் கிளாக் பகுதிக்கும் சிசியு (கிளாக் கட்டுப்பாட்டுப் பகுதி) என்று ஒரே நோடு. அந்த ஒரே நோடு கிளாக்கும் கொடுக்கும், ரீசெட்டும் கொடுக்கும். வன்பொருளிலும் அது ஒரே பகுதிதான் என்பதால் இந்த விவரிப்பு முந்தையதைவிட நேர்மையானது.

எண்களும் மாறின. முன்பு எழுதிய 25 நேரடியாகப் பிட்டின் இடம். இப்போது எழுதுவது ஒரு ஹெடர் கோப்பில் வரையறுத்த பெயர். அதற்குப் பின்னால் இருக்கும் எண் வெறும் வரிசை எண். எந்த வரிசை எண்ணுக்கு எந்த ரெஜிஸ்டர், எந்தப் பிட் என்ற அட்டவணை டிரைவருக்குள் இருக்கிறது: ஒன்றாம் இஎச்சிஐ-க்கு 704-ஆம் பைட்டில் பிட் 25, ஒன்றாம் ஓஎச்சிஐ-க்கு அதே இடத்தில் பிட் 29. படிப்பவருக்குப் பெயர் தெரிகிறது, எழுதுபவருக்குத் தப்பெண் போடும் வாய்ப்பு குறைகிறது. யூஎஸ்பி ஃபை ரீசெட் போல வேறு ரெஜிஸ்டரில் இருக்கும் கம்பிகளையும் அதே எண்வரிசையில் சேர்க்க முடிகிறது.

ஆனால் ஹெடரில் ஒருமுறை வெளியிட்ட எண்ணை மாற்ற முடியாது. மரம் தொகுக்கப்பட்டுப் போர்டில் போய் உட்கார்ந்துவிட்டால் அதில் பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். நாளைக்கு வரும் கர்னல் நேற்றுத் தொகுத்த மரத்தோடு ஓட வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. நடுவில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தால் அதைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், அழகுக்காக இடையில் நுழைக்கக்கூடாது. பழைய ரீசெட் நோடுகளை ஆளும் அந்தச் சின்ன டிரைவரும் இதே காரணத்தால்தான் கர்னலில் இன்னும் இருக்கிறது.

இரண்டு நோடிலும் இரண்டு கம்பி என்ற விவரிப்பு மட்டும் இந்த மாற்றத்தில் அசையவில்லை. எண்ணுக்குப் பதில் பெயர் வந்தது, மூன்று நோடுக்குப் பதில் ஒன்று வந்தது; இஎச்சிஐ, ஓஎச்சிஐ நோடுகளின் 'ரீசெட்ஸ்' வரியில் இன்றும் அதே இரண்டு கம்பிகள்தான்.

சிப்புக்கு வெளியே அதே கதை

2013-ன் ஆவணத்தில் இன்னொரு வரி உண்டு: இந்த முறை சிப்புக்குள் ஓடும் ரீசெட் சிக்னல்களுக்கானது, போர்டில் தனியாக நிற்கும் சிப்பை ரீசெட் செய்ய ஜிபிஐஓ-வாக (மென்பொருள் ஏற்றி இறக்கும் பொதுப் பின்) எழுதுவதே பெரும்பாலும் பொருத்தம், விதிவிலக்குகள் இருக்கலாம். பல வருடங்கள் எல்லோரும் அப்படியே 'ரீசெட்-ஜிபிஐஓஸ்' என்று எழுதினார்கள்.

விதிவிலக்கு லேப்டாப் ஸ்பீக்கர் வடிவத்தில் வந்தது. இரண்டு ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையர் சிப், இரண்டின் ரீசெட் காலும் ஒரே ஜிபிஐஓ பின்னில். மரத்தில் இரண்டு நோடிலும் அதே பின் எழுதப்பட்டிருக்கிறது, அதுதான் போர்டின் உண்மை. ஆனால் கர்னலின் ஜிபிஐஓ பகுதி ஒரு பின்னை ஒருவருக்குத்தான் கொடுக்கும். இரண்டாவது டிரைவர் கைவிரித்துவிடும். கொடுத்தாலும் ஆபத்து, ஒருவர் மூடும்போது மற்றவர் வாய் அடைபடும். எச்3-ல் பார்த்த அதே முகம்.

2024-ல் லினக்ஸ் 6.9-ல் கிஷிஷ்டோஃப் கோஸ்லோவ்ஸ்கி செய்தது இது: நோடில் 'ரீசெட்ஸ்' இல்லை, 'ரீசெட்-ஜிபிஐஓஸ்' இருக்கிறது என்றால், ரீசெட் பகுதியே அந்தப் பின்னை வைத்துப் பின்னணியில் ஒரு சின்ன ரீசெட் கன்ட்ரோலரை உருவாக்கிக்கொள்ளும். ஒரே பின்னைச் சுட்டும் இரண்டாவது நோடு வந்தால் புதிதாக உருவாக்காமல் இருப்பதையே கொடுக்கும். டிரைவர் பகிர்வு என்று ரீசெட் கேட்டால் போதும்; எண்ணிக்கை 2016-லிருந்து அங்கே தயாராக இருக்கிறது. மரத்தில் ஒரு வரிகூட மாறத் தேவையில்லை.

ஆனால் இந்த வசதி தானாக எல்லா ஜிபிஐஓ ரீசெட்டுக்கும் வந்துவிடவில்லை. டிரைவர் இன்னமும் ஜிபிஐஓ பகுதியிடம் நேரடியாகப் பின்னைக் கேட்டுக்கொண்டிருந்தால் பழைய கதைதான். போர்டில் ஒரு பின்னை இரண்டு சிப்புக்கு ஓட்டியிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது இரண்டு டிரைவரும் யாரிடம் கேட்கின்றன என்பதை. அடுத்து, இரண்டு நோடிலும் பின்னின் துருவம் (எந்த நிலையில் ரீசெட் என்பது) ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறதா என்பதை.